வெறும் வயிற்றில் 118, மூன்று மாத சராசரி 9.4. எது உண்மை?

கோவில்பட்டிக்காரன்:
அம்மாவுக்கு 59 வயது, சர்க்கரை வந்து பதினொரு வருடம் ஆகிறது. அப்பா போய் இரண்டு வருடம், கோவில்பட்டி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார், எனக்கு ஓசூரில் வேலை. போன வாரம் டெஸ்ட் எடுத்தோம். வெறும் வயிற்றில் 118, பரவாயில்லையே என்று நிம்மதியாக இருந்தால் சாயங்காலம் மூன்று மாத சராசரியைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி 9.4 என்று வருகிறது. மெட்ஃபார்மின் மாத்திரை காலையும் இரவும், கிளிமிபிரைடு மாத்திரையும் அதே மாதிரி இரண்டு வேளை. இனிப்பைத் தொடுவதே இல்லை, டீக்குக் கூட சர்க்கரை கிடையாது என்று சத்தியம் பண்ணுகிறார். இப்படியே போனால் இன்சுலின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதைக் கேட்டதிலிருந்து அழுகை. தினமும் போனில் திட்டி எனக்கே அலுத்துவிட்டது. லேபில் ஏதாவது தப்பு நடந்திருக்குமா?

லேப் அக்கா:
தம்பி, இருபது வருடமாக ரத்தம் எடுக்கிறேன், இதைத் தினமும் பார்க்கிறேன். வெறும் வயிற்று டெஸ்ட் அந்த ஒரு நிமிடத்தின் கதை மட்டும்தான். 9.4 என்றால் இரண்டு மூன்று மாதமாக சர்க்கரை சராசரியாக 220க்கு மேல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற பிள்ளை மாதிரி, டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் வாயைக் கட்டி, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். மகன் திட்டுவானே என்கிற பயம்தான், வேறென்ன. ரத்தசோகை இருந்தாலும் ஹெச்பிஏ1சி கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போகும், இரும்புச்சத்துக் குறைவென்றால் கூட்டிக் காட்டும், அதனால் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். ஆனால் அதை மட்டும் சாக்காக வைத்து 9.4-ஐ ஒதுக்க முடியாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நாலைந்து நாள் பார்த்தால் எந்த வேளையில் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். திட்டுவதை முதலில் நிறுத்துங்கள், திட்டத் திட்ட மறைப்பார்கள்.

மதுரை மருமகள்:
ராத்திரி என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டீர்களா? "சாப்பிட்டேன்" என்ற பதிலை நம்பாதீர்கள், என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். மாமா இறந்த பிறகு என் மாமியார் ஒரு ஆளுக்கு என்ன அடுப்பைப் பற்ற வைக்கிறது என்று ராத்திரி டீயும் நாலு ரஸ்க்கும்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எங்களுக்கு ஒரு வருடம் தெரியாது. மற்ற வேளைக்கெல்லாம் மத்தியானம் வடித்த சோறேதான். காய் வாங்கினால் ஒரு ஆளுக்கு மிஞ்சிப் போகிறது என்று காயும் வாங்குவதில்லை. ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொங்கிப் போட்டுவிட்டுக் கடைசியாக மிச்சத்தைச் சாப்பிட்டே பழகிய பொம்பளைக்குத் தனக்கென்று ஒரு சாப்பாடு செய்துகொள்ள வரவே மாட்டேன் என்கிறது, இதைத் திட்டி மாற்ற முடியுமா? அப்புறம், கோவில்பட்டி என்கிறீர்கள், கடலை மிட்டாயை இனிப்பில் சேர்க்கிறாரா இல்லையா என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டில் "அது வெல்லம்தானே, சீனியா" என்பார்கள். வெல்லமோ கருப்பட்டியோ ரத்தத்துக்குப் போனால் எல்லாம் ஒன்றுதான்.

இயற்கை வழி:
ஆவாரம்பூ கஷாயம் 48 நாள் கொடுங்கள். இங்கிலீஷ் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். கேழ்வரகுக் கஞ்சி மட்டும் போதும்.

நைட் ஷிஃப்ட்:
மேலே சொன்னதை தயவுசெய்து செய்யாதீர்கள். நான் செய்தேன், நாலு மாதம் மாத்திரையை நிறுத்தினேன், கட்டைவிரல் புண் ஆறாமல் ஒரு விரலே போயிற்று. கேழ்வரகை மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் அதுவும் சட்டென்று ஏற்றும், சிறுதானியம் என்ற பேருக்காகச் சர்க்கரை சும்மா இருக்காது.

நான் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறேன். நைட் ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் எனக்கு சர்க்கரை ஏறும். சாப்பாடு அதேதான், ஆனால் பகல் தூக்கம் தூக்கமா? தூக்கம் கெட்டால் உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. மாத்திரையையும் எந்த நேரத்துக்குப் போடுவது என்று குழம்பி பாதி நாள் விட்டுவிடுவேன். காசு பிரச்சினையும் இருந்தது, இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு அக்கா வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார், சர்க்கரையும் பார்க்கிறார்.

ஒன்று கவனியுங்கள். உங்கள் அம்மா போடுகிற கிளிமிபிரைடு, சாப்பாடு இல்லாமல் போட்டால் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். எனக்கு ஒரு தடவை மெஷின் பக்கத்திலேயே வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிவிட்டது. மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள், கால் மணி நேரத்தில் தெளிந்தேன். அந்தப் பயத்தில் அடுத்த இரண்டு மாதம் மாத்திரையைப் பார்த்தாலே ஒதுக்கிவிடுவேன், போட்டால் கூடவே பிஸ்கட்டாகத் தின்பேன். அம்மாவுக்கு அப்படி ஏதாவது நடந்ததா என்று கேளுங்கள், தனியாக இருக்கிறவர் வேறு.

கோவில்பட்டிக்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நைட் ஷிஃப்ட் அண்ணன் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மாத்திரை டப்பாவில் ராத்திரி மாத்திரை அட்டை அஞ்சாறு பிரிக்காமலே கிடந்தது. கோபம் வந்தது, அக்கா சொன்னதை நினைத்து அடக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்து கேட்டேன். போன ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் இருந்தபோது ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். நடுராத்திரி வேர்த்து, உடம்பு உதறி, எழுந்து நிற்க முடியாமல் அடுப்படி வரை தவழ்ந்து போய் சீனி டப்பாவைத் திறந்து அள்ளித் தின்றிருக்கிறார். "அன்னைக்கே போயிருந்தா காலையில பால்காரன்தான்யா பாத்திருப்பான்" என்றார். அன்றிலிருந்து ராத்திரி மாத்திரை கிடையாது, படுக்கும் முன் ரஸ்க் உண்டு. டெஸ்ட் வந்தால் மட்டும் இரண்டு நாள் எல்லாம் ஒழுங்கு. ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் ஓசூருக்குக் கூட்டிப் போய்விடுவேனாம், அங்கே பேச ஆள் கிடையாதாம்.

டாக்டரிடம் கூட்டிப் போய் எல்லாவற்றையும் அவரையே சொல்ல வைத்தேன். கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு சிட்டாகிளிப்டின் எழுதினார், அது தானாகச் சர்க்கரையைத் தரைக்குத் தள்ளாதாம், 2022இல் காப்புரிமை முடிந்ததிலிருந்து விலையும் குறைந்துவிட்டது. விரதம் இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள் என்றார். இன்சுலின் பேச்சு மூன்று மாதம் தள்ளி. குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்தேன், எண்ணை எனக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, நோட்டில் எழுதினால் போதும் என்று பேசி வைத்திருக்கிறோம். எதிர் வீட்டு அத்தையும் தனி ஆள்தான், ராத்திரிக்கு ஒரு நாள் இவர் ஒரு நாள் அவர் என்று சேர்ந்து சமைக்கிறார்கள். ரஸ்க் நின்றுவிட்டது. கடலை மிட்டாய் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

அம்மா ஒரு சந்தேகம் மட்டும் கேட்கச் சொன்னார். தெருவில் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், நாய் வேறு துரத்துகிறது, மொட்டை மாடியில் நடந்தால் அது கணக்கில் வருமா?

லேப் அக்கா:
தாராளமாக வரும். சாப்பிட்டு முடித்து பத்துப் பதினைந்து நிமிடம், மூன்று வேளையும். அத்தையையும் மாடிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.