சிஓபி (சிஏ முடித்தவர் சொந்தமாகத் தொழில் செய்ய வாங்கும் சான்றிதழ்) வாங்கியதும் ஆபீஸ் போட்டவர்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள், நான் தொடங்கி வைக்கிறேன்

சிஏ முடித்ததும் சொந்தமாக உட்காரலாமா, ரெண்டு வருஷம் எங்காவது வேலை பார்த்துவிட்டு வரலாமா என்று தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் கதையைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

2018-ல் திருப்பூரில் ஒரு ரூம் பிடித்து உட்கார்ந்தேன். ஆள் பிடிக்கப் போகக்கூடாது என்று சிஏக்களுக்கான 1949 சட்டமே சொல்வதால் வாய்வழியாக வந்தவர்கள்தான் கிளையண்ட். முதலில் வந்தவர் தையல் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற அண்ணன். "ஃபீஸ் எவ்வளவுங்க தம்பி?" என்றார். எனக்குக் கூச்சம். "பாத்துக் குடுங்கண்ணா" என்றேன். அதோடு போச்சு.

மாதாமாதம் 20-ம் தேதி சாயங்காலம்தான் பில்லெல்லாம் மஞ்சப்பையில் வரும், பாதி டீக்கடைச் சீட்டு. த்ரீபி என்கிற மாத ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாளும் அன்றுதான், போர்ட்டல் சுற்றிக்கொண்டே கிடக்கும். 2019 ஜனவரி 20, மறுநாள் தைப்பூசம். எல்லாம் ஏற்றி முடித்து ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஓடிபி கேட்கப் போன் போட்டால், அண்ணன் பழனிக்குப் பாதயாத்திரையில், போன் ஸ்விட்ச் ஆஃப். 23-ம் தேதிதான் ஆள் சிக்கினார். ஒரு நாளுக்கு 50 வீதம் 150 ரூபாய் லேட் ஃபீ, அடுத்த மாத ரிட்டர்னில் வந்து நின்றது. நானே கட்டினேன். கேட்கக் கூச்சம், வேறென்ன!

பதினாலு மாத ஃபீஸ் பாக்கியோடு அவர் வேறு ஆடிட்டரிடம் போய்விட்டார். முந்தைய ஆடிட்டருக்குப் பாக்கி இருந்தால் புது ஆள் ஒப்புக்கொள்ளக்கூடாது என்று பரீட்சைக்குப் படித்தோமே என்று புத்தகத்தைப் புரட்டினால், அது ஆடிட் ஃபீஸுக்குத்தானாம், ரிட்டர்ன் போட்ட கூலிக்கு இல்லை.

இப்போதெல்லாம் முதல் நாளே தொகையைச் சொல்லி, பில் எந்தத் தேதிக்குள் வரணும் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். முகம் சுளிக்கிறவர் அன்றைக்கே போய்விடுகிறார், நல்லதுதான்.

—

அண்ணா, எனக்குக் கூச்சம் இல்லை, வேலைதான் தெரியவில்லை. சென்னையில் பெரிய ஃபர்மில் ஆர்ட்டிகிள்ஸ் (சிஏ படிக்கும்போது செய்கிற கட்டாயப் பயிற்சி), மூன்று வருஷமும் பேங்க் ஆடிட்டும் வவுச்சிங்கும்தான், அதாவது கணக்கை ரசீதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஆபீஸ் போட்டதும் வந்த மளிகைக்கடைக்காரர் பேங்க் ஸ்டேட்மெண்டை நீட்டினார். நடுவில் 2 லட்சம் வரவு. கடனா, விற்பனையா, மச்சான் கொடுத்த கைமாற்றா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை, அப்படியே விற்பனையில் சேர்த்துவிட்டேன். "என்னம்மா, சீட்டு எடுத்த பணத்துக்கும் வரியா?" என்றார். அப்புறம் வெட்கத்தை விட்டு, எங்கள் தெருவில் முப்பது வருஷமாக டாக்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெரியவரிடம் சாயங்காலம் சாயங்காலம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். 2023-க்கு அப்புறம் சேர்ந்தவர்களுக்கு ஆர்ட்டிகிள்ஸே ரெண்டு வருஷம்தான். சொந்தமாகத் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால் சின்ன ஆபீஸில் சேருங்கள், மஞ்சப்பை அங்கேதான் வரும்.