மீன் குறைந்ததற்குக் கடல் சூடானதுதான் காரணமா?

தெஹிவளை வாசகன்:

சென்ற சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு கடலியல் ஆய்வாளர் நம்மைச் சூழ்ந்த கடலின் நீரோட்டங்களைப் பற்றித் தமிழில் உரையாற்றினார். எனக்குப் பிடிபட்டதை இங்கே வைக்கிறேன். ஏனைய சமுத்திரங்களின் பெரிய நீரோட்டங்கள் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகின்றன. இந்து சமுத்திரத்தின் வடக்கை ஆசிய நிலப்பரப்பு மறித்து நிற்பதால், இங்கே காற்று திரும்பும்போது கடலும் சேர்ந்து திரும்புகிறது. சோழகம் எனும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கைக்குத் தெற்கே நீர் கிழக்கு நோக்கி ஓட, அதில் ஒரு பகுதி வடக்கே வளைந்து, அரபிக்கடலின் உப்பு மிகுந்த நீரை வங்காள விரிகுடாவுக்குள் கொண்டு சேர்க்கிறது. வாடை எனும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஓட்டம் மேற்கே திரும்பி, கங்கையும் பிரமபுத்திராவும் கொட்டியதால் உப்புக் குறைந்த விரிகுடா நீரை அரபிக்கடலுக்கு எடுத்துச் செல்கிறது.

சோழகம் தென்கரையை ஒட்டி வீசும்போது பூமியின் சுழற்சி மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தெற்கே தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலெழுகிறது. மீன்களுக்கு அடிப்படை உணவான நுண்ணிய பச்சை மிதவையுயிர்கள் பெருகித் தென்கரைக் கடல் பச்சை பூப்பது அதனால்தான். நீலத்திமிங்கிலங்கள் துருவக் கடல்களுக்குப் போகாமல் இப்பகுதியிலேயே தங்குவதற்கும் இந்த உணவு வளமே காரணம் எனக் கருதப்படுகிறது. ஆனால் சூடான நீர் இலேசானது. அது மேலே மூடிபோலப் படிந்துவிட்டால் கீழுள்ள சத்து மேலே வருவது கடினம். இந்து சமுத்திரத்தில் பச்சை மிதவையுயிர்கள் 20 வீதம் குறைந்துவிட்டன என்றார்கள். எனவே நம் மீன் குறைவுக்கு முதற்காரணம் காலநிலை மாற்றமே என்றும், இழுவைமடி எனும் வலையால் கடலடியை வழித்திழுக்கும் றோலர் படகுகளைப் பற்றிய சச்சரவெல்லாம் அதற்குப் பிறகுதான் என்றும் நான் நினைக்கிறேன்.

முகத்துவாரத்தான்:

வாசகன் ஐயாவின் விளக்கத்தில் எனக்குப் பிணக்கில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவோடுதான் பிணக்கு. நான் மன்னாரில் பாக்கு விரிகுடாக் கரையிலுள்ள பேசாலையில் பிறந்தவன். இடம்பெயர்ந்து கொழும்பு முகத்துவாரத்துக்கு வந்தும் எங்கள் குடும்பம் கடலை விடவில்லை. ஊரில் இருந்த காலத்தில், இரவு றோலர் போன தடத்தில் விடியற்காலை எங்கள் வலையை இழுத்தால், வேரோடு பிடுங்கிய சாதாளைக் கடற்செடியும் உடைந்த சிப்பியும் விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளும்தான் வரும். அந்தக் குஞ்சுகளைக் கொன்றது வெப்பநிலை என்று யாராவது சொன்னால் என் அப்பா சிரித்திருப்பார். 2017 இல் அடியிழுவை மீன்பிடியை இந்நாட்டுச் சட்டமே தடைசெய்தது. இழுவைமடி கடலடியை அழிக்கிறது என்பதை ஏற்றுக்கொண்ட பின்னர்தானே அப்படிச் செய்தார்கள்? இப்போது எல்லாப் பழியையும் காலநிலையின் தலையில் போட்டால், வலைக்காரன் தப்பிவிடுவான். காலநிலையை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது.

கடல்மாணவி:

நான் கடலியல் படிப்பவள். முதலில் அந்த 20 வீதத்தைத் திருத்துகிறேன். 2016 இல் புனேயைச் சேர்ந்த ரொக்ஸி மத்தியூ கோல் தலைமையில் வெளிவந்த ஆய்வு சொன்னது, மேற்கு இந்து சமுத்திரத்தில் ஆறு தசாப்தங்களில் 20 வீதம் வரை குறைவு என்பதாகும். அது ஆபிரிக்கக் கரைப்பக்கக் கடல். நம் வாசலில் உள்ள கடலுக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கி வைக்கக்கூடாது. கடலின் நிறத்தைச் செய்மதி தொடர்ந்து பார்க்கத் தொடங்கியதே 1997 இன் இறுதியில்தான் என்பதால், அதற்கு முந்திய காலத்துக்குக் கணினி மாதிரிகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஆய்வு பிழையென்று நான் சொல்லவில்லை. "வரை" என்ற சொல்லை விட்டுவிட்டால் அது வேறொரு கூற்றாகிவிடுகிறது.

தெஹிவளை வாசகன்:

திருத்தத்தை ஏற்கிறேன், அந்தச் சொல் என் குறிப்பில் விடுபட்டிருக்கிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. பூமியில் மிகையாகத் தேங்கிய வெப்பத்தில் 90 வீதத்துக்கும் மேலானதைக் கடலே உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இதை ஊகித்துச் சொல்லவில்லை. உலகக் கடல்களில் மிதக்கும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள், ஒவ்வொன்றும் 1,000 மீற்றர் ஆழத்தில் மிதந்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் வரை இறங்கி, அங்கிருந்து மேலெழும்போது வெப்பநிலையையும் உவர்த்தன்மையையும் அளந்து செய்மதிக்கு அனுப்புகின்றன. முகத்துவாரத்தான் அவர்களிடம் ஒரு கேள்வி. 1998 இல் கடல் சூடேறிக் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பாறைகள் வெளிறி இறந்தன. பல ஆண்டுகளில் ஓரளவு தேறி வந்தவை 2016 இல் மறுபடியும் வெளிறின. அவற்றை எந்த றோலர் உழுதது?

முகத்துவாரத்தான்:

பவளப்பாறையை றோலர் உழவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, 2,000 மீற்றர் இறங்கும் உங்கள் மிதவை பாக்கு விரிகுடாவில் எப்படி இறங்கும்? அங்கே பெரும்பகுதி 15 மீற்றர்கூட ஆழமில்லை. சிறு மீனவன் வலை விடும் இடத்துக்குள் நுழையவே முடியாத ஒரு கருவியைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். இன்னொன்று. இந்தியாவில் இழுவைமடி பரவ வழிசெய்தவற்றுள் ஒன்று, 1950களில் கேரளத்தில் நோர்வே உதவியுடன் தொடங்கிய திட்டம். 1978 முதல் 1980 வரையிலும் பின்னர் 2018 இலும் இலங்கைக் கடலில் மீன்வளத்தை அளக்க வந்த நான்சன் கப்பலும் நோர்வேயினுடையதே. வலையையும் தந்து, குறைந்ததை எண்ணக் கப்பலையும் அனுப்பிய நாடு! பகிடிக்குத்தான் சொல்கிறேன், அந்த அளவீடுகள் பயனற்றவை என்று நினைக்கவில்லை.

பேலியகொட கணக்கன்:

சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பேலியகொட மீன்சந்தையில் இறங்கும் மீனை வைத்து இருவரும் எதையும் நிறுவ முடியாது. பலநாள் கலங்கள் வாரக்கணக்கில் கடலில் கிடந்து, பல நூறு கிலோமீற்றர் தாண்டியும் பிடித்து வருகின்றன. சந்தையில் எழுதப்படுவது எடையும் விலையும்தான். அருகில் மீன் அற்றுப்போனாலும் தூரத்து மீன் வந்து பெட்டியை நிரப்பிவிடும்.

கடல்மாணவி:

கணக்கன் அவர்கள் சொன்னதுதான் எங்கள் பெரிய தலையிடி. ஒரு கடலில் மீன் குறைகிறதா என்று அறிய, பிடித்த அளவு மட்டும் போதாது. எத்தனை பேர், எந்த வலையோடு, எத்தனை மணிநேரம் உழைத்து அதைப் பிடித்தார்கள் என்பதும் வேண்டும்.

இரண்டில் எது காரணம் என்று நீங்கள் இருவரும் வாதிடுகிறீர்கள். பெருவில் நடந்ததைப் பாருங்கள். அங்கும் காற்றால் ஆழ்நீர் மேலெழுகிறது. அதை நம்பி வாழும் நெத்தலி வகையொன்றை 1970 இல் ஒரு கோடியே 20 இலட்சம் தொன்னுக்கு மேல் அள்ளினார்கள். அறிவியலாளர்கள் தாங்கும் என்று மதிப்பிட்ட அளவை அது தாண்டியிருந்தது. 1972 இல் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) வந்து சூடான நீர் கரைக்கடலை மூடியபோது, எஞ்சிய குளிர்நீர் கரையோரமாக ஒடுங்க, மீன்களும் அங்கே நெருங்கிக் குவிந்தன. மீன் குறைந்துகொண்டிருந்த வேளையில் வலையில் நிறைய விழுந்தது என்பதுதான் கொடுமை. படகுகள் அள்ளின, புதிய குஞ்சுகள் போதிய அளவு வரவில்லை, 1973 இல் பிடிபட்டது ஏறத்தாழ 20 இலட்சம் தொன். பின்பு அது தேறப் பல்லாண்டுகள் எடுத்தன. எல் நினோ அதற்கு முன்னரும் பலமுறை வந்து போயிருக்கிறது. நிறைய மீன் இருந்த கடல் அதைத் தாங்கியது. வழித்தெடுக்கப்பட்ட கடலால் தாங்க முடியவில்லை. ஆகவே கடல் சூடாவது உண்மையானால், றோலரைத் தடுக்க வேண்டிய காரணம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை, வாசகன் ஐயா.

தெஹிவளை வாசகன்:

றோலர் சச்சரவு பிறகுதான் என்று எழுதியதை மீளப்பெறுகிறேன். ஆனால் முகத்துவாரத்தான் அவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இழுவைமடி முற்றாக நின்றாலும், சூடாகும் கடலில் அவருடைய தந்தை காலத்து மீன் அப்படியே திரும்பி வரும் என்று எவராலும் உறுதி கூற முடியாது.

முகத்துவாரத்தான்:

உறுதி கூற முடியாதுதான். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து கிடந்தால் அப்பா சூடை மீனுக்கு வலை விடமாட்டார். இலேசாகப் பச்சை கலங்கினால்தான் விடுவார். உங்கள் செய்மதி பார்ப்பதும் அதைத்தானோ என்று இதை வாசிக்கும்போது தோன்றியது.

தங்கை கேட்ட கணக்கு ஓரளவு எங்கள் வீட்டில் இருக்கிறது. புறப்பட்ட நேரம், கரை சேர்ந்த நேரம், காற்று, வலை, பிடித்த மீன் எல்லாவற்றையும் அப்பா நாள்தோறும் ஒற்றைக்கோட்டுக் கொப்பிகளில் எழுதி வந்தார். பதினொரு கொப்பிகளோடு ஊரைவிட்டு வந்தோம். இரண்டைக் கறையான் தின்றுவிட்டது. மற்றவற்றைத் தருகிறேன், ஆனால் படியெடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தர வேண்டும். என்ன கண்டீர்கள் என்பதைத் துறைமுகத்துக்கு வந்து தமிழில் சொல்லவும் வேண்டும்.

கடல்மாணவி:

இரண்டுக்கும் சம்மதம், அண்ணா. ஞாயிறு பூசை முடிந்த பின் வரலாமா? கறையான் தின்ற இரண்டையும் எறிந்துவிடாதீர்கள். ஓரங்கள் போனாலும் நடுவில் எண்கள் எஞ்சியிருக்கக்கூடும்.