எல்லார் கையிலும் அதே ஜாக்கி: சீட்டாட்டம் எழுதியவர்கள் பார்த்தது

கோத்தகிரி_லைன்வீடு:
தம்பி கம்ப்யூட்டரில் எழுதிய சீட்டாட்டத்தில், முதல் தவணையாக ஆளுக்கு நாலு சீட்டு போட்டு முடித்ததும் திரையில் ஒவ்வொரு கையிலும் 16 சீட்டு. 304 ஆட்டம்தான், 32 சீட்டு, நாலு பேர், இரண்டு தவணையாகப் போடுவது உங்களுக்குத் தெரியும். எங்கள் லைனில் இலங்கையிலிருந்து வந்த பெரியவர்களுக்கு இதுதான் ஆட்டம். மழைக்காலத்தில் ஆள் சேராது என்று தம்பி இதைப் பைத்தான் மொழியில் ப்ரோகிராமாக எழுதினான். "ஒரு சீட்டு ஆடிப் பாருங்க தாத்தா" என்றான். தாத்தா தன் வரிசையில் இருந்த இஸ்பேட் ஜாக்கியைத் தொட்டார். நாலு வரிசையிலிருந்தும் அது போய்விட்டது. "என்னடா, நாலு பேரும் ஒரே கையைப் பிடிச்சிருக்கோமா?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர், ஆனால் நடந்தது அதுவேதான். நாலு கைக்கும் காலி லிஸ்ட் (சீட்டுகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) உருவாக்கத் தம்பி எழுதியிருந்தது [[]] * 4. அதில் நாலு லிஸ்ட் உருவாவதில்லை, ஒரே லிஸ்டை நாலு இடத்திலிருந்து காட்டுகிறது. ஃபார் லூப் போட்டு ஆளுக்கொரு புது லிஸ்ட் என்று மாற்றியதும் சரியானது. ஒரு எரர்கூட வராமல் இது ஓடியது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஊட்டி_லேப்_டீச்சர்:
இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று இருக்கிறது. எங்கள் லேபில் ஒரு மாணவி ரம்மி எழுதியிருந்தாள். ஆளுக்கு 13 சீட்டு, முதல் ஆட்டம் அருமை. இரண்டாவது ஆட்டம் தொடங்கினால் போன ஆட்டத்துச் சீட்டெல்லாம் கையில் இருக்கிறது. ஆட்டக்காரரை உருவாக்கும் கிளாஸில் சீட்டுகளுக்கு டிஃபால்ட்டாக, அதாவது எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ள, காலி லிஸ்ட் [] கொடுத்திருந்தாள். அந்த வரி ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு தடவைதான் ஓடும். அதன்பிறகு உருவாகும் எல்லா ஆட்டக்காரருக்கும் அதே லிஸ்ட்தான். இரண்டு ஆட்டக்காரரை வைத்துப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். அவள் ஒருவரை மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறாள். வெளித்தேர்வாளர் முன்னால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ப்ரோகிராமை மூடித் திறந்து காட்டினாள் அந்தப் பெண். அந்த முகம் மறக்கவில்லை. டிஃபால்ட்டாக None (எதுவுமில்லை) வைத்து, உள்ளே புது லிஸ்ட் செய்யுங்கள். சந்தேகமான இடத்தில் டீப்காப்பி, அதாவது லிஸ்டோடு உள்ளே இருக்கும் சீட்டுகளையும் சேர்த்து நகல், எடுத்துவிட்டால் நிம்மதி.

குன்னூர்_ஃப்ரீலான்ஸ்:
டீச்சர் மன்னிக்கணும், டீப்காப்பி யோசனையை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நாலு இடமுள்ள அரேயை (அங்கே லிஸ்டுக்கு அந்தப் பெயர்) ஃபில் செய்து, உள்ளே [] கொடுத்தாலும் கோத்தகிரி நண்பர் பார்த்ததே நடக்கும், நான் ஒரு வாடிக்கையாளரின் கோடில் பார்த்தேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் டீப்காப்பி எடுத்தால் இஸ்பேட் ஜாக்கி இரண்டாகிவிடும். சீட்டு கிளாஸில் சம ஒப்பீடு எழுதாமல் விட்டால் பைத்தான் அந்த இரண்டையும் வேறு வேறு சீட்டு என்றே சொல்லும். கையிலிருந்து ரிமூவ் செய்யப் போனால் அந்தச் சீட்டே இல்லை என்று வேல்யூ எரர் வரும். பகிர்வதே தப்பு என்று நினைக்க வேண்டாம். சீட்டைப் பகிரலாம், லிஸ்டைத்தான் பகிரக் கூடாது. சீட்டை மாற்ற முடியாத பொருளாகச் செய்யுங்கள், பைத்தானில் அதற்கு உள்ள ஃப்ரோஸன் டேட்டாகிளாஸ் போதும். முகம் மேலா கீழா என்பதைச் சீட்டுக்குள் வைக்காதீர்கள், அது இருக்கும் இடத்தைச் சேர்ந்த விஷயம். கட்டு, கை, மேஜை, ஜெயித்த குவியல் என்று எல்லாம் தனித்தனி லிஸ்ட். சீட்டை நகர்த்த ஒரே ஃபங்ஷன், ஒரு இடத்தில் எடுத்துத்தான் இன்னொரு இடத்தில் வைக்கும். வேறு எங்கிருந்தும் யாரும் லிஸ்டில் சீட்டைச் சேர்க்க (அப்பெண்ட்) கூடாது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அப்புறம் எல்லா இடத்தையும் கூட்டி 32 வருகிறதா என்று அசெர்ட் போடுங்கள், வராவிட்டால் ப்ரோகிராம் அங்கேயே எரர் காட்டி நிற்கும். கம்ப்யூட்டர் ஆட்டக்காரன் அடுத்த சுற்றை யோசிக்க நகல் வேண்டும்தான், ஆனால் அதற்குச் சீட்டுகளை விட்டு, கை லிஸ்டை மட்டும் மேலோட்டமாகக் காப்பி எடுத்தால் போதும். இன்னொன்று: பைத்தானில் ஷஃபிள் புதுக் கட்டைத் திருப்பித் தராது, இருக்கிற கட்டையே கலைக்கும். அதே கட்டை வேறு யாராவது வைத்திருந்தால் அவர்களுடையதும் கலையும்.

ஊட்டி_லேப்_டீச்சர்:
முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இவ்வளவையும் ஒரே லேபில் சொல்ல முடியாது சார். ஆனால் ரிமூவ் பற்றிச் சொன்னது சரி, அதைப் பார்த்திருக்கிறேன்.

கூடலூர்_304:
குன்னூர்க்காரர் சொன்னபடி ஒரு சீட்டு ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பது துருப்புச் சீட்டில்தான் உடைகிறது. ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டை மேஜையில் கவிழ்த்து வைப்பார். ஆனால் அது அவர் சீட்டுதான், துருப்பு திறந்ததும் கைக்குப் போகும். எங்களிடம் ஓடிய ப்ரோகிராமில் அதைக் கையிலிருந்து எடுக்காமலே மேஜையில் வைத்திருந்தார்கள், திறந்ததும் கையில் மறுபடி சேர்த்தார்கள். துருப்பு ஜாக்கி. அப்பா அதை மூன்றாவது சுற்றில் ஒரு தடவை, ஆறாவது சுற்றில் ஒரு தடவை ஆடினார். எட்டு சுற்று முடிந்து மற்றவர்கள் கை காலி, அப்பா கையில் மட்டும் ஒரு ஏழு மிச்சம். 304-இல் சீட்டுக்குப் புள்ளி: ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. நாலு ஜாதிக்கும் கூட்டினால் 304. அன்றைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 334 காட்டியது. அப்பா பேசாமல் அந்த ஏழையே பார்த்துக்கொண்டிருந்தார். 32 எண்ணுவதோடு ஆட்ட முடிவில் 304-ஐயும் சரிபாருங்கள். கவிழ்த்த துருப்புக்குத் தனி லிஸ்ட் வையுங்கள், அதன் சொந்தக்காரர் யார் என்பது வேறாக இருக்கட்டும்.

கோத்தகிரி_லைன்வீடு:
தம்பியிடம் காட்டினேன். அவனும் துருப்பைக் கையிலேயே விட்டு வைத்திருக்கிறான். இன்று ராத்திரி கரண்ட் இருந்தால் மாற்றிவிட்டுச் சொல்கிறோம்.