அகர வரிசையில் உட்கார வைத்தால் வகுப்பறையில் சாதி போய்விடுமா?

கரும்பலகை:
பக்கத்து இழையில ஒரு மேதாவி எழுதியிருக்கார்: "பிள்ளைகளைப் பேர் வரிசையில உட்கார வைங்க, பாதி சாதி அன்னைக்கே போயிடும். சந்துரு குழுவே சொல்லியாச்சு." பள்ளிகள்ல சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லுங்கன்னு தமிழக அரசு போட்ட குழு அது. 2024 ஜூன்ல நீதிபதி சந்துரு கொடுத்தது 600 பக்கத்தைத் தாண்டின அறிக்கை. இவர் படிச்சது அதுல ஒரு வரி. எந்த வருகைப் பதிவேட்டை வேணும்னாலும் திறந்து பாருங்க. முத்துக்குமார், முத்துராஜ், முத்துலட்சுமி, முருகன், முருகேஸ்வரி... 'மு'வுக்கே ரெண்டு பெஞ்சு போயிடும். ஆறாம் வகுப்புல பக்கத்துல இருந்தவன்தான் பத்தாம் வகுப்பு வரைக்கும் பக்கத்துல இருப்பான். இதுக்குப் பேர் கலப்பா?

பொருநை:
அண்ணாச்சி, இஷ்டப்படி உட்காரச் சொன்னா என்ன ஆகும்னும் சேர்த்து எழுதுங்க. ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பஸ்ல வந்து இறங்கி ஒரே பெஞ்சைப் பிடிப்பாங்க. எங்க ஊர்ப் பக்கம் தெரு தெரிஞ்சா சாதி தெரிஞ்ச மாதிரிதான். சரி, வாத்தியாரே இடம் பிரிக்கட்டும்னா, "என் பிள்ளையை ஏன் அவன்கிட்ட போட்டீங்க"ன்னு மறுநாள் ஆபீஸ் ரூம் வாசல்ல நாலு பேர் நிப்பாங்க. பேர் வரிசைன்னா யாரும் யாரையும் கேட்க முடியாது. வாத்தியாருக்கு அது ஒரு கவசம்.

கரும்பலகை:
வாத்தியாருக்குக் கவசம், சரி. பிள்ளைக்கு? பல பதிவேட்டுல பையன்கள் பேர் முதல்ல, பொண்ணுங்க பேர் பின்னால. அப்படியே உட்கார வைச்சா வகுப்பு ரெண்டாப் பிரியும். கண்ணு சரியாத் தெரியாத பிள்ளை, காது மந்தமான பிள்ளை, குள்ளமான பிள்ளை இவங்களை முன்னால கொண்டு வந்ததும் உங்க வரிசை பாதி கலைஞ்சிடும். மிச்சம் இருக்கிறதைத்தான் புரட்சிங்கிறீங்க.

மூணாம்பெஞ்சு:
திங்கள்கிழமை தோறும் ரெண்டு இடம் தள்ளி உட்காரச் சொன்னா முடிஞ்சது. இதுக்கு ஏன் சார் இவ்வளவு சூடு?

கரும்பலகை:
எல்லாரும் ரெண்டு இடம் தள்ளினா பக்கத்துல இருக்கிறவனும் கூடவே தள்ளுவான் தம்பி. பெஞ்சுதான் மாறும், முத்துராஜ் மாறமாட்டான்.

வாய்ப்பாடு:
ரெண்டு பேரும் உட்காருறதைப் பத்தியே பேசிட்டு இருக்கீங்க. உட்கார்ந்த பிறகு என்ன செய்றாங்கங்கிறதுதான் விஷயம். அமெரிக்காவில ஆஸ்டின் நகரத்துல கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே வகுப்புல போட்டதும் சண்டைதான் வந்தது. 1971ல எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியலாளர் அங்கே ஒரு முறையைக் கொண்டு வந்தார். இங்கே 40 பேர்னா ஐந்து பேரா 8 குழு. பாடத்தை 5 துண்டாக்கணும். ஒவ்வொரு பிள்ளை கையிலயும் தன் துண்டு மட்டும்தான் இருக்கணும், புத்தகம் மூடியே இருக்கணும். ஒரே துண்டு கிடைச்சவங்க எல்லாரும் முதல்ல ஒண்ணாக் கூடிப் படிக்கணும், பிறகு அவங்கவங்க குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுக்கணும். கடைசியில தேர்வு, மதிப்பெண் தனித்தனி. குழுவுக்கு ஒரே மார்க்னு போட்டீங்கன்னா கெட்டது: தடுமாறுற பிள்ளை தலையில எல்லாரும் ஏறுவாங்க, "இவனாலதான் போச்சு"ன்னு பழைய வெறுப்புக்குப் புதுக் காரணம் கிடைச்சிடும்.

கரும்பலகை:
அருமை. அந்த 8 குழுவையும் எப்படிப் பிரிப்பீங்க? அகர வரிசையிலயா?

வாய்ப்பாடு:
பதிவேட்டு எண்ணை எட்டு எட்டாத் தாண்டி. 1, 9, 17, 25, 33 ஒரு குழு. 2, 10, 18, 26, 34 அடுத்தது. உங்க முத்துகள் எல்லாரும் ஆளுக்கொரு மூலைக்குச் சிதறிடுவாங்க.

பொருநை:
ஆக, அகர வரிசைப் பதிவேடு இல்லாம இவர் முறையும் நடக்காது. குறிச்சு வைச்சுக்கோங்க.

கரும்பலகை:
பதிவேடு அகர வரிசையில இருக்கக் கூடாதுன்னு நான் எப்போ சொன்னேன்? உட்கார வைக்கிறதைத்தான் சொன்னேன். நாலாவது தடவையாச் சொல்றேன். 40 நிமிஷப் பீரியட்ல பெஞ்சைத் திருப்ப அஞ்சு நிமிஷம், அடங்க அஞ்சு நிமிஷம். அன்னைக்கு ஒரு பிள்ளை லீவு போட்டா அந்தக் குழுவுக்கு ஒரு துண்டு பாடம் காலி.

வாய்ப்பாடு:
லீவு போட்டவனோட துண்டை நல்லாப் படிக்கிற பிள்ளைக்குக் கூடுதலாக் கொடுத்துடலாம். சேர்ந்து வேலை செய்றதுதான் முக்கியம். 1954ல முசாஃபர் ஷெரிஃப்னு இன்னொரு உளவியலாளர் அமெரிக்காவில ஓக்லஹோமா முகாம்ல பார்த்தாரே, பகை முத்தின ரெண்டு சிறுவர் கூட்டத்தை ஒரே இடத்துல சாப்பிட வைச்சப்போ சோத்தை எடுத்து ஒருத்தர் மேல ஒருத்தர் வீசினாங்க. தண்ணீர்க் குழாய் அடைச்சு, ரெண்டு கூட்டமும் சேர்ந்தாத்தான் தண்ணீர்னு ஆன பிறகுதான் பகை இறங்க ஆரம்பிச்சது.

கரும்பலகை:
நன்றி. வெறுமனே பக்கத்துல உட்கார வைச்சாப் போதாதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

பொருநை:
போதும்னு யார் சொன்னா? பாகுபாட்டைப் பிள்ளை எங்கே கத்துக்குதுன்னு பாருங்க. "எஸ்சி பிள்ளைகள் எல்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம்"னு வகுப்பு நடுவுல கூப்பிடுறது. ஒரு வாக்கியம், நாற்பது பேருக்கும் பாடம் ஆச்சு. தலைமை ஆசிரியர் தனியாக் கூப்பிட்டுச் சொல்லணும், பதிவேட்டுல சாதி விவரம் இருக்கக் கூடாதுன்னு அதே சந்துரு அறிக்கை சொல்லுது. அதைப் பத்தி அண்ணாச்சி வாயே திறக்கல.

கரும்பலகை:
திறக்கிறேன். 2019ல சாதியை நிறத்துல காட்டுற கைக்கயிறுக்குப் பள்ளியில தடைன்னு சுற்றறிக்கை விட்டாங்க, அமைச்சரே பின்வாங்கினார். கயிறை அவிழ்த்தா அதே நிறம் பனியன்ல வரும், சைக்கிள் பெயின்ட்ல வரும், வாட்ஸ்அப் படத்துல வரும். வெளி அடையாளத்தை மட்டும் தொட்டா இதுதான் நடக்கும். போன மாசம் சத்துணவு இழையிலயும் நீங்கதானே ஒன்றியத்துக்கு ஒரு சமையற்கூடம்னு குதிச்சது? சமைக்கிற தலித் அம்மாவைக் கண்ணுல படாம வைச்சா பாகுபாடு போயிடுமா?

பொருநை:
அந்த இழையைப் பூட்டினதே உங்க வாயாலதான். அதை இங்கே இழுக்காதீங்க.

மூணாம்பெஞ்சு:
சண்டையே வேண்டாம், பெஞ்சை எல்லாம் சுவர் ஓரமா 'ப' வடிவத்துல போட்டுடுங்க. கடைசி பெஞ்சே கிடையாது. கல்வித்துறையே முன்னாடி சொன்னாங்களே?

வாய்ப்பாடு:
2025 ஜூலையில ஒரு மலையாளப் படம் கிளப்பின பேச்சுல சொன்னாங்க, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைச்சாங்க. 20க்கு 20 அடி அறையில மூணு சுவரும் சேர்த்து 60 அடி. மூலையும் வாசலும் போக 50. ஆளுக்கு 2 அடின்னா 25 பேர். மிச்சம் 15 பேரை எங்கே வைப்பீங்க?

மூணாம்பெஞ்சு:
உள்ளே இன்னொரு சின்ன 'ப'.

கரும்பலகை:
அந்தச் சின்ன 'ப'வுக்குள்ள யார் உட்காருறதுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க? பேர் வரிசையிலயா?

பொருநை:
ஆமா. பேர் வரிசையிலதான். இப்போ என்ன?