எண்ணெய்ச் செலவு குறைந்தும் கப்பலின் சிஐஐ தரம் 'சி'யிலிருந்து 'டி'க்கு இறங்கியது எப்படி?

கேள்வி:

வணக்கம். ராஜாஜி சாலையில் ஒரு கப்பல் மேலாண்மை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். இந்தோனேசியாவிலிருந்து எண்ணூருக்கு நிலக்கரி ஏற்றிவரும் 57,000 டன் டெட்வெயிட் (கப்பல் தாங்கக்கூடிய மொத்த எடை) பல்க் கேரியர் ஒன்றின் சிஐஐ கணக்கை, அதாவது ஒரு டன் டெட்வெயிட்டுக்குக் கடல் மைலொன்றுக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியானது என்று பார்த்து 'ஏ' முதல் 'ஈ' வரை தரமிடும் ஆண்டுக் கணக்கை, மார்ச் 31க்குள் அனுப்ப வேண்டும் என்பதால், இரண்டு நாட்களாக அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2024இல் கப்பல் 58,000 கடல் மைல் ஓடி, 5,150 டன் கனரக எண்ணெயும் 140 டன் மரைன் கேஸ் ஆயிலும் எரித்தது. 2025இல் ஓடியது 48,000 கடல் மைல். எரித்தது 4,600 டன்னும் 150 டன்னும். ஒரு டன் எண்ணெய்க்கு இத்தனை டன் கார்பன் என்று விதி தரும் எண்களால், அதாவது முதலாவதை 3.114ஆலும் இரண்டாவதை 3.206ஆலும் பெருக்கினால், கார்பன் டை ஆக்சைடு 16,486 டன்னிலிருந்து 14,805 டன்னாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அதை டெட்வெயிட்டும் தூரமும் பெருக்கிய தொகையால் வகுத்தால், 4.99 கிராமாக இருந்தது 5.41 ஆகிவிடுகிறது. புகை குறைந்த கப்பலுக்குத் தரமும் குறையுமா, அல்லது நான் எங்கேனும் தவறிவிட்டேனா?

மறுமொழி 1:

நங்கூரத்தில் நின்ற நாட்களின் எண்ணெயைக் கழித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். கப்பல் ஓடாதபோது எரித்ததை ஓட்டத்தின் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

மறுமொழி 2 (ராயபுரம், ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினியர்):

அப்படிக் கழிக்க விதியில் இடமில்லை. சரிபார்ப்பவர் முதல் பார்வையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். பனிக்கடலில் ஓடியது, கப்பலின் பாதுகாப்புக்கே ஆபத்து நேர்ந்தது, குளிர்பதனக் கன்டெய்னருக்கான மின்சாரம் போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு. துறைமுகத்தில் சரக்கு இறக்கப் பெர்த் (கப்பல் அணையும் இடம்) கிடைக்காமல் காத்துக்கிடப்பது அந்தப் பட்டியலில் இல்லை. அது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் நானும் சொல்வேன். சரக்கின் எடைக்குப் பதிலாக டெட்வெயிட்டால் வகுப்பதால், வெறுங்கப்பலாக ஓடினால் தரம் உயரும் கூத்தும் இதே கணக்கில்தான் இருக்கிறது.

உங்கள் கணக்கு சரியே. பங்கர் சீட்டில் (கப்பலுக்கு எண்ணெய் நிரப்பியபோது தந்த ரசீது) எண்ணெயின் ரகத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆர்எம்ஈ முதல் ஆர்எம்கே வரை என்றால் 3.114, ஆர்எம்ஏ முதல் ஆர்எம்டி வரை என்றால் 3.151. எதுவானாலும் உங்கள் 'டி' மாறப்போவதில்லை.

பல்க் கேரியருக்கான அடிப்படை மதிப்பு, 4745ஐ டெட்வெயிட்டின் 0.622 அடுக்கால் வகுத்து வருவது. உங்கள் கப்பலுக்கு 5.22. அதிலிருந்து 2024க்கு 7 விழுக்காடும் 2025க்கு 9 விழுக்காடும் கழிக்க வேண்டும். அவ்வாறு வரும் 4.75ஐ 1.06ஆல் பெருக்கினால் 5.04, 'சி'யின் மேல் எல்லை அதுதான். 2024இல் அதே எல்லை 5.15 ஆக இருந்தது. ஆக, கோடும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, கப்பலும் மேலே ஏறியிருக்கிறது. ஏன் ஏறியது என்று அறிய, கடலில் ஓடிய நாட்களும் நின்ற நாட்களும் வேண்டும்.

கேட்டவர்:

நன்றி ஐயா. சராசரி வேகம் இரண்டு ஆண்டுகளிலும் 12 நாட்ஸ். 2024இல் 201 நாள் ஓட்டம், 165 நாள் நிறுத்தம். 2025இல் 167, 198. நிற்கும்போது நாளொன்றுக்கு 3 டன் செலவாகிறது.

மறுமொழி 2:

இப்போது விளங்குகிறது. நிறுத்தச் செலவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஓட்டத்துக்கு 2024இல் மைலுக்கு 82.7 கிலோ எண்ணெய் போதுமானதாக இருந்தது; 2025இல் 86.6 கிலோ ஆகியிருக்கிறது. பழைய 82.7இலேயே கப்பல் ஓடியிருந்தாலும் விடை 5.20 வந்திருக்கும். அதாவது, ஏறிய 0.42இல் ஏறத்தாழ பாதி நின்றதால் வந்தது, மீதிப் பாதி கப்பலின் அடிவயிற்றில் இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தால் கொட்டலசு (பார்னக்கிள் எனும் ஓடுடைய கடலுயிரி) ஒட்டாமல் என்ன செய்யும்? புரொப்பெல்லரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கேட்டவர்:

டைவர்கள் எடுத்த படம் இன்று கிடைத்தது. புரொப்பெல்லர் இலைகளின் வேர்ப்பகுதியில் விரல்நுனி அளவுக்குக் கொட்டலசு, அடிப்பாகம் முழுதும் பச்சைப் பாசி. இன்ஜின் லாகைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது: நங்கூரத்தில் ஒரு ஜெனரேட்டரே போதுமான சுமைக்குப் பல நாட்கள் இரண்டு ஓடியிருக்கின்றன. இந்த 'டி'க்காக இப்போதே திருத்தத் திட்டம் கொடுக்க வேண்டுமா?

மறுமொழி 2:

வேண்டாம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 'டி' வந்தாலோ, ஒரே ஆண்டு 'ஈ' வந்தாலோதான் கட்டாயம். ஆனால் 2026க்குக் கழிவு 11 விழுக்காடு என்பதால், 'சி'யின் எல்லை 4.93க்கு வந்துவிடும். உங்களுக்கு 'சி' வாங்கித்தந்த 2024இன் அதே 4.99 இந்த ஆண்டு 'டி'யாகிவிடும். 'ஈ' தொடங்குவது 5.49இல் என்பதால், இப்போதுள்ள 5.41க்கு மூச்சுவிட இடமில்லை. 2027 முதல் கழிவு இன்னும் வேகமாக ஏறி, 2030இல் 21.5 விழுக்காட்டைத் தொடும்.

எனவே துப்புரவோடு நின்றுவிடாமல் சார்ட்டரரிடம் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) பேசுங்கள். 12 நாட்ஸில் விரைந்து வந்து எண்ணூருக்கு வெளியே வரிசையில் நிற்பதைவிட, பெர்த் தேதியைக் கேட்டுக்கொண்டு 10.8இல் வந்தால், மெயின் இன்ஜினுக்கு மைலொன்றுக்கு ஆகும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். வேகத்தைக் குறைக்க ஒப்பந்தத்தில் வழியில்லையென்றால், கப்பல் துறையின் சர்வதேசச் சங்கமான பிம்கோ 2022இல் வெளியிட்ட சிஐஐ ஷரத்தைச் சேர்க்கக் கேட்கலாம். சார்ட்டரர்கள் முரண்டுபிடிப்பார்கள், விடாதீர்கள்.

கேட்டவர்:

அடுத்த சரக்கு ஏற்றுவதற்கு முன் புரொப்பெல்லர் பாலிஷுக்கும் அடிப்பாகத் துப்புரவுக்கும் ஒப்புதல் வாங்கிவிட்டேன். இரண்டாவது ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிக் கப்பலுக்கும் எழுதிவிட்டேன். சார்ட்டரரின் பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.