கலைச்சொல் தேவை: மண்ணணையில் ‘பைப்பிங்’

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். மண்ணணை ஒன்றின் மழைக்கு முந்தைய ஆய்வுப் படிவத்தை வெள்ளிக்குள் தமிழில் தர வேண்டும். 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டப்படி பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையைப் பார்த்துப் பதிவது உடைமையாளர் கடமை. ‘சீப்பேஜ்’ கசிவு, அதில் சிக்கல் இல்லை. ‘பைப்பிங்’ என்பதற்கு ‘குழாயாக்கம்’ எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

பாசனப் பொறியாளர்:
குழாயாக்கம் வேண்டாம். குழாய் பதிக்கும் வேலை என்றுதான் படும். படிவத்தோடு கரையில் நடக்கப்போகிறவர் லஸ்கர், அதாவது கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் களப்பணியாளர். பைப்பிங் என்பது இதுதான்: கரைக்குள் ஊடுருவும் நீர் வெளிப்பக்க அடிவாரத்தில் மண்துகளை இழுத்துக்கொண்டு வெளியேறும்; துளை அங்கே தொடங்கி நீர்த்தேக்கத்தை நோக்கிப் பின்னேறும். மதகுக் குழாயின் ஓரம், எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் எல்லாம் அதற்கு வழி. தெளிந்த நீர் கசிந்தால் அளந்து எழுதி, அளவு கூடுகிறதா என்று பார்த்துவர வேண்டும். கலங்கி வந்தால் உடனே தகவல் போக வேண்டும். அமெரிக்காவில் ஐடஹோவின் டீட்டன் அணை, முதன்முறை நீர் நிரப்பும்போதே, 1976 ஜூன் 5 அன்று காலையில் கலங்கல் நீர் கண்டு நண்பகலுக்குள் உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். ‘உள்ளரிப்பு’ என்று வையுங்கள்.

தமிழாசிரியர்:
அரிப்பு என்றால் இன்று தோலில் வருவதுதான் முதலில் நினைவுக்கு வரும். ‘புழை’ இருக்கிறதே ஐயா! உட்டுளை உள்ளதால் துதிக்கையைப் புழைக்கை என்றார்கள். மலையாளத்தில் ஆறே புழ. துளையும் நீரோட்டமும் ஒரே வேரில் நிற்கின்றன.

மண்ணியல் ஆய்வாளர்:
ஆற்றுப் புழையும் துளைப் புழையும் ஒரே வேர் என்பதற்குச் சான்று வேண்டும். உள்ளரிப்பும் பொருந்தாது, அது பேரினம், பைப்பிங் அதில் ஒரு வகை. ‘புரையோடல்’ என்று முன்மொழிகிறேன். ஆழ்ந்த புண் உள்ளுக்குள்ளேயே வழி தேடிப் போவதைப் புரையோடுதல் என்கிறோம். புழை நின்றுபோன துளை; புரையோடலில் நகர்வு இருக்கிறது.

தமிழாசிரியர்:
‘புரைதீர்ந்த நன்மை’ என்னும் குறளில் புரை குற்றம். தொல்காப்பியத்தில் ‘புரைய’ உவம உருபு. மக்களிடம் கண்புரை, புரையேறுதல். இத்தனை சுமை தாங்குமா அந்தச் சொல்?

பாசனப் பொறியாளர்:
சொல் எதுவானாலும், அடுத்த பத்தியைப் பிசகாமல் பெயர்த்துவிடுங்கள். மணல் குமிழியிடும் ஊற்றை அடைக்கவே கூடாது. அடைத்தால் நீர் பக்கத்தில் வேறு வழி திறக்கும். சுற்றிலும் மணல்மூட்டை அடுக்கிக் கிணறுபோல் வளையம் கட்ட வேண்டும். உள்ளே நீர்மட்டம் ஏற ஏற மண் வருவது குறையும். தெளிந்த நீர் வழிந்தோடட்டும். இல்லையென்றால் நீர் வடியும்படி ஊற்றின்மேல் பருமணல், அதன்மேல் சிறுஜல்லி, அதன்மேல் பெருஜல்லி பரப்ப வேண்டும். களிமண் போடக்கூடாது. தேக்கத்தின் நீர்மட்டத்தையும் இறக்க வேண்டும். ஆனால் மிக வேகமாக இறக்கினால் கரையின் நீர்த்தேக்கப் பக்கச் சாய்வு, ஈரம் வடியாமல் சரிந்துவிடும்.

சட்ட மாணவர்:
இடையில் ஒன்று. ‘உடைமையாளர்’ போதாது. சட்டத்தின் விளக்கத்தில் அணையைக் கட்டுப்படுத்துவோர், இயக்குவோர், பராமரிப்போரும் அடங்குவர். ‘பொறுப்பாளர்’ என்றால்?

மொழிபெயர்ப்பாளர்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், தம்பி. இப்போதைக்குப் புரையோடலையே எடுத்துக்கொள்கிறேன். படிவத்தில் ‘புரையோடல் (நீர் மண்ணை அரித்துக் கரைக்குள் துளை விழுதல்)’ என்று எழுதி, கீழே ‘வெளிவரும் நீர் தெளிவா, கலங்கலா?’ என்று கேட்டிருக்கிறேன்.

பாசனப் பொறியாளர்:
அடைப்புக்குள் ‘பைப்பிங்’ என்றும் சேருங்கள் அம்மா. நள்ளிரவில் லஸ்கர் போன் செய்தால் எதிர்முனையில் இருப்பவருக்குப் புரிவது அதுதான்.

தமிழாசிரியர்:
சேருங்கள், தடுக்கவில்லை. ஆனால் அரிப்பைத் தனியே விடாமல் புழையோடு சேர்த்துப் ‘புழையரிப்பு’ என்றால் இன்னும் தகுதியான சொல் என்றே நினைக்கிறேன். துளையும் அரிப்பும் அதில் சேர்ந்தே வருகின்றன. அடுத்த பதிப்புக்காக இதைக் குறித்து வையுங்கள்.