சின்ன ஜிபிடி-2 ஐ வைத்துத் தமிழில் ஆய்வு செய்யலாமா?

வெள்ளவத்தை_மழை:
கொழும்பில் பகுதிநேரமாக முதுமாணி படிக்கிறேன், பகலில் வேலை. தம்பி என்றால் வந்தான், தங்கச்சி என்றால் வந்தாள். இந்த இசைவை ஒரு மொழி மாதிரி (அடுத்து வரும் சொல்லை ஊகிக்கப் பழகிய நிரல்) தனக்குள் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று திறந்து பார்ப்பதுதான் தலைப்பு. இருப்பது ஜிபியு (வேகக் கணிப்புச் சில்லு) இல்லாத மடிக்கணினியும், இணையம் வழியாகக் கணினியை இரவல் தரும் கூகுளின் இலவச கோலாபும். அதனால் ஓபன்ஏஐ வெளியிட்ட ஜிபிடி-2 மொழி மாதிரியில் ஆகச் சிறியதை, 12 அடுக்கு, சுமார் 12.4 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் கற்ற எண்கள்) உள்ளதை, எடுக்கலாம் என்றேன். மேற்பார்வையாளர் "2019 இல் வந்ததையா?" என்று சிரித்துவிட்டார். சிரித்தது நியாயமா?

பழைய_கோட்டை:
வயதுக்காகச் சிரித்திருந்தால் நியாயமில்லை. அடுக்குக்கு 12 தலை, மொத்தம் 144 கவனத் தலைகள் (எந்தச் சொல் எந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும் என்று கணிக்கும் பகுதிகள்). ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு விடை மாறுகிறதா என்று நீங்களே பார்த்து முடிக்கலாம், பெரிய மாதிரியில் அது நடக்காது. ஆனால் அது ஆங்கிலத்தில் பழகிய மாதிரி தம்பி, தமிழை எழுத்தாகக்கூடப் பார்ப்பதில்லை, பைட்டுகளாக உடைத்துத்தான் வாங்குகிறது. "வந்தாள்" யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் 21 பைட், "வந்தான்" என்பதும் 21. இரண்டுக்கும் 18 ஆவது பைட் ஒன்றுதான் வேறு. அந்த ஒரு பைட்டில் பால் வேறுபாட்டைத் தேடி என்ன செய்யப் போகிறீர்கள்?

இரவுப்_பேருந்து:
முறையைப் பழக பைத்தியா என்ற ஆய்வுக்கான மாதிரிக் குடும்பத்தை எடுங்கள் (பெயரைப் பார்த்து வீட்டில் பயப்பட வேண்டாம்). 7 கோடி அளவுருவிலிருந்து கிடைக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பயிற்சியின் நடுவே சேமித்த 154 நிலைகள் இருப்பதால் ஒரு விஷயத்தை எப்போது கற்றது என்றும் பார்க்கலாம். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். கை பழகியதும் இரண்டு கோடி அளவுருவில் தமிழுக்கென்று சொந்தமாக ஒன்றைப் பயிற்றுங்கள், டோக்கனைசரும் (எழுத்தை டோக்கன் எனும் துண்டுகளாக உடைக்கும் கருவி) உங்களுடையதாக இருக்கட்டும்.

தரவில் கவனம். தமிழ் விக்கிப்பீடியாவை மட்டும் ஊட்டினால் எல்லோரும் "பிறந்தார்", "மறைந்தார்" தான், ஆன் ஆள் எல்லாம் கதைகளில்தான் நிறைய வரும். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் தட்டச்சு செய்த நூல்கள் இருக்கின்றன. "நூலகம்" என்ற இணையத் தளத்தில் நம்மூர், அதாவது இலங்கை, எழுத்து குவிந்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஸ்கான் பக்கங்கள், எழுத்தாக்கி எடுப்பதே தனி வேலை. அப்புறம், சோதனை வாக்கியத்தில் "அக்கா வந்தாள்" என்று போட்டுவிடாதீர்கள், எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் அடிதான் விழும், மரியாதையாக அக்கா "வந்தவ".

வெள்ளவத்தை_மழை:
அக்கா விஷயத்தில் மாட்டத்தான் இருந்தேன், நன்றி அண்ணா. கொஞ்சம் கதைகளைச் சேர்த்து டோக்கனைசர் மட்டும் செய்து பார்த்தேன். அதன் பட்டியலில் 8000 டோக்கன் வைத்தால் வந்தான், வந்தாள் இரண்டும் முழுச்சொல்லாகவே உட்கார்ந்துவிடுகின்றன, விகுதி கண்ணுக்கே தெரியவில்லை. 2000 ஆக்கினால் "வந்தா" தனி, "ள்" தனி. எதை வைப்பது?

பழைய_கோட்டை:
இரண்டையும் வையுங்கள், ஆய்வே அங்கேதான் இருக்கிறது. 8000 இல் "வந்தாள்" மனப்பாடமாக இருக்கலாம், "முணுமுணுத்தாள்" மாதிரி அரிதான வினை அங்கேயும் உடைந்துதான் வரும். அதில் சரியாகச் சொல்கிறதா பாருங்கள். கோலாப் பாதியில் அறுந்துவிடும், சேமிக்கிற நிலைகளை உடனுக்குடன் கூகுள் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.